சொல்லாமல் கிளம்பிவிடலாமா?

கேள்வி:

ஆறு ஆண்டுகளாக வெளிநாட்டில் வசிக்கிறேன். படிக்க வந்தேன், வேலை கிடைத்ததால் தங்கிவிட்டேன். இப்போது வேலை ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் ஐந்து வாரத்தில் நிரந்தரமாக ஊர் திரும்புகிறேன். திரும்ப வேண்டும் என்பது நானே எடுத்த முடிவு. அப்படியிருந்தும் டிக்கெட் எடுத்த நாளிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை.

இங்கே எனக்கு நெருக்கமானவர்கள் நான்கைந்து பேர்தான். நான்கு வருடமாக ஒரே வீட்டில் என்னுடன் இருக்கும் தோழி, வாரம் தவறாமல் என்னுடன் பாட்மிண்டன் ஆடும் அலுவலக நண்பர், வந்த புதிதில் இந்த நாட்டு மொழியைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த பக்கத்து வீட்டு மூதாட்டி என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். போன வாரம் தோழியுடன் பெரிய சண்டை. யார் எந்தப் பாத்திரத்தை எடுத்துக்கொள்வது என்பதில் தொடங்கி எங்கெங்கோ போய்விட்டது. இப்போது சரியாகப் பேசிக்கொள்வதில்லை.

யாருடைய முகத்தையும் பார்த்து விடைபெறும் தைரியம் எனக்கில்லை. அழுதுவிடுவேன். அதனால் மிச்சமிருக்கும் வார இறுதிகளில் எல்லாம், இதுவரை பார்க்காத ஊர்களுக்குத் தனியாகச் சுற்றுலா போக முன்பதிவு செய்துவிட்டேன். கடைசி நாள் விமான நிலையத்திலிருந்து எல்லாருக்கும் ஒரே செய்தியை அனுப்பிவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று இருக்கிறேன். வீட்டில் சொன்னால், 'உன் ஊருக்குத்தானே வருகிறாய், இதற்கு எதற்கு அழுகை?' என்கிறார்கள். நான் நினைப்பது சரியா? இந்த நட்புகள் எல்லாம் இதோடு முடிந்துவிடுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

சொல்லாமல் கிளம்பிவிடாதீர்கள். விமான நிலையத்திலிருந்து அனுப்பும் ஒற்றைச் செய்தி அன்றைய அழுகையிலிருந்து உங்களைக் காப்பாற்றும். ஆனால் அதைப் படிக்கும் நான்கைந்து பேருக்கும் 'இவளுக்கு நாம் இவ்வளவுதானா?' என்ற கேள்வி மிஞ்சும். அதற்குப் பதில் சொல்ல நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள். அவர்கள்மேல் வைத்திருக்கும் பிரியத்தால்தான் அவர்களின் முகத்தைப் பார்க்கப் பயப்படுகிறீர்கள். கடிதத்தைப் படித்த எனக்கு அது தெரிகிறது. கடிதத்தைப் படிக்காத அவர்களுக்கு எப்படித் தெரியும்?

உங்கள் வீட்டார் கேட்பதில் குற்றமில்லை. ஆறு வருடமாக உங்களுக்காகக் காத்திருந்தவர்கள் அவர்கள். ஆனாலும் அந்தக் கேள்வி உங்கள் வாயை அடைத்துவிடுகிறது. துக்கம் என்று ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கம் ஒன்று உண்டு. அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989-ல் அதற்கென்று ஒரு பெயர் கொடுத்து விரிவாக எழுதினார். யாரும் இறக்கவில்லை, எதுவும் பறிபோகவில்லை. அதனால் ஆறுதல் சொல்ல யாரும் வருவதில்லை. வருந்துகிறவருக்கே, 'நான் இப்படி வருந்துவது நியாயம்தானா?' என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. உங்கள் கடிதம் முழுக்க அந்தச் சந்தேகம்தான் இருக்கிறது. போவது நானே எடுத்த முடிவு என்று நீங்கள் எழுதியிருப்பதே, அழுவதற்கு உரிமை இல்லை என்று உங்களை நீங்களே அதட்டிக்கொள்வதுபோல இருக்கிறது. விரும்பி எடுத்த முடிவிலும் இழப்பு உண்டு. இரண்டையும் ஒரே மனம் தாங்கிக்கொள்ளும்.

பாலின் பாஸ் என்ற குடும்பநல ஆய்வாளர், வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களோடு 1970-களில் பேசியபோது, அவர்கள் முறைப்படி துக்கம் அனுசரிக்கவும் முடியாமல், நம்பிக்கையோடு காத்திருக்கவும் முடியாமல் நடுவில் நிற்பதைக் கவனித்தார். இதைத் தெளிவற்ற இழப்பு என்றார். நாடுவிட்டு நாடு போகிறவர்களுக்கும் இது பொருந்தும் என்று பிற்காலத்தில் விளக்கினார். அந்தக் குடும்பங்களின் துயரத்தோடு உங்கள் பிரிவை ஒப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் அதன் தன்மை உங்களுக்கும் பழக்கமானதாக இருக்கும். உங்கள் தோழி நலமாக இருப்பார், போன் செய்தால் எடுப்பார்; ஆனால் மாலையில் சாவியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குள் வரமாட்டார். போனதா, இருக்கிறதா என்று மனதுக்குக் கணக்குப் பிடிபடாத நிலை அது. இப்படிப்பட்ட இழப்புக்குத்தான் விடைபெறுதல் மிகவும் தேவைப்படுகிறது. பிரிகிறோம் என்பதற்கு வேறு அடையாளமே கிடையாது என்பதால், அந்த அடையாளத்தை நாமே உருவாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இது என் அபிப்பிராயம் மட்டும் இல்லை. முடிவுகளை மனிதர்கள் எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று உளவியலாளர் கேப்ரியேல் எட்டிங்கனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2020-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வெளிநாட்டில் தங்கிவிட்டுத் திரும்பியவர்களிடமும் அதில் விசாரித்தார்கள். செய்ய வேண்டியதைச் செய்தேன், சொல்ல வேண்டியதைச் சொன்னேன் என்ற நிறைவோடு முடித்தவர்களுக்கு, பின்னால் 'அடடா' என்று நினைத்து வருந்துவது குறைவாக இருந்தது. அடுத்த கட்டத்துக்குள் நுழைவதும் அவர்களுக்கு எளிதாக இருந்தது. சிரித்துக்கொண்டே பிரிந்தவர்கள் நன்றாக இருந்தார்கள் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. பாக்கி வைக்காமல் பிரிந்தவர்கள் நன்றாக இருந்தார்கள் என்றுதான் சொல்கிறது.

ஆகவே அழுகையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அழுதால் என்ன ஆகிவிடும்? எதிரில் இருப்பவரும் அழுவார், இரண்டு பேரும் மூக்கைத் துடைத்துக்கொள்வீர்கள், பேச்சு தொடரும். உங்களுக்கு உண்மையிலேயே கூச்சமாக இருந்தால் பேச ஆரம்பிக்கும்போதே, 'நான் அழுதுவிடுவேன், நீ பதறாதே, நான் சொல்லி முடித்துவிடுகிறேன்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அழுகையை ஒளிக்க வேண்டிய வேலை போய்விட்டாலே பாதி அழுகை குறைந்துவிடும். ஆலோசனை அறையில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

இப்போது அந்தச் சுற்றுலாக்களுக்கு வருவோம். ஆறு வருடம் இருந்தும் பார்க்காத ஊர்களைக் கடைசி மாதத்தில் பார்த்துவிட வேண்டும் என்ற தவிப்பு இயல்பானதுதான். ஆனால் நீங்கள் முன்பதிவு செய்திருப்பது ஊர் பார்க்கவா, வீட்டில் இல்லாமல் இருக்கவா? உங்கள் கடிதத்தில் எந்த ஊர் என்று ஒரு பெயர்கூட இல்லை. 'பார்க்காத ஊர்கள்' என்றுதான் இருக்கிறது. ஊரின்மேல் ஆசை இருப்பவர் ஊரின் பெயரைச் சொல்லாமல் இருக்கமாட்டார். உண்மையிலேயே மனம் கேட்கும் ஒரே ஒரு பயணத்தை வைத்துக்கொண்டு மற்றவற்றை ரத்து செய்யுங்கள். கட்டணத்தில் கொஞ்சம் போனாலும் போகட்டும். வைத்துக்கொள்ளும் அந்த ஒன்றுக்கும் தனியாகப் போகாதீர்கள். தோழியை அழையுங்கள். வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து பேச முடியாததை, ரயிலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசிவிடலாம். பேச்சு நின்றாலும் சங்கடமில்லை. வெளியே பார்க்க ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும்.

காலம் குறைவு என்று தெரிந்ததும் மனிதர்கள் புதியதை விட்டுவிட்டு நெருங்கியவர்களைத் தேடுவார்கள் என்பதை லாரா கார்ஸ்டென்சன் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். 1990-ல் அவரும் பார்பரா ஃப்ரெட்ரிக்சனும் வெளியிட்ட ஆய்வில், நீங்கள் விரைவில் தொலைதூரத்துக்குக் குடிபெயரப் போகிறீர்கள் என்று கற்பனை செய்யச் சொன்னதும், இளைஞர்கள்கூடப் புதியவர்களை விட்டுவிட்டுத் தங்களுக்கு நெருக்கமானவர்களோடு நேரம் செலவிடுவதையே தேர்ந்தெடுத்தார்கள். உங்கள் மனமும் அதைத்தான் கேட்கிறது. நீங்கள்தான் அதை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறீர்கள். இன்னொரு விதத்திலும் இது உதவும்: அவ்வளவாகப் பழக்கமில்லாதவர்கள் அழைக்கும் விருந்துகளுக்கு 'இந்த மாதம் முடியாது' என்று சொல்ல நேர்ந்தால் குற்ற உணர்வு வேண்டாம்.

தோழியின் சண்டைதான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. நீங்கள் அதை இரண்டு வரியில் கடந்துவிட்டீர்கள்.

பிரியப் போகிறவர்கள் புறப்படுவதற்கு முன் சண்டை போடுவது மிகவும் சாதாரணம். கோபத்தோடு போவது வருத்தத்தோடு போவதைவிடச் சுலபம். எதிராளி கெட்டவர் என்று முடிவு செய்துவிட்டால் பிரிவில் பாரமே இல்லை. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை. நான்கு வருடம் பொதுவாகப் புழங்கிய பாத்திரத்தை 'உன்னுடையது, என்னுடையது' என்று பிரிக்கும்போது கைகள் பிரிப்பது பாத்திரத்தை. மனம் பிரிப்பது வேறு ஒன்றை. அந்த நேரத்தில் யாராவது ஒருவர் ஒரு வார்த்தை கூடச் சொல்லிவிட்டால் போதும், நான்கு வருடத்துச் சின்னச் சின்னக் குறைகள் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும்.

அவருடைய பக்கத்தையும் நினைத்துப் பாருங்கள். போகிற உங்களுக்குப் புது வீடு, புது வேலை, பழைய உறவுகள் என்று கவனத்தைத் திருப்ப நூறு விஷயங்கள் இருக்கின்றன. இருக்கிறவருக்கு அதே வீடு, அதே தெரு, அதே பஸ். உங்கள் அறைக்கு யாரோ புதிதாக ஒருவர் வருவார், அவரோடு முதலிலிருந்து பழக வேண்டும். நீங்கள் இல்லாத வீட்டில் வாழப்போவது அவர்தான். சண்டையில் அவர் குரல் உயர்ந்திருந்தால், அதில் இந்தப் பயமும் கலந்திருக்கும்.

டேவிட் பொல்லாக் என்ற அமெரிக்கர், பெற்றோரின் வேலைக்காக நாடு நாடாக மாறி வளரும் பிள்ளைகளோடு நெடுங்காலம் பணியாற்றியவர். ஓரிடத்தை விட்டுப் போகிறவர்களுக்கு அவர் நான்கு காரியங்களை வரிசைப்படுத்திச் சொன்னார். மனத்தாங்கலைத் தீர்த்துக்கொள்வது முதலாவது. நன்றி சொல்வது, விடைபெறுவது, போகப்போகும் இடத்தைப் பற்றி யோசிப்பது ஆகியவை பின்னால் வருகின்றன. மனத்தாங்கலை முதலில் வைத்ததில் பெரிய அனுபவம் இருக்கிறது. ஒரே ஊரில் இருந்தால் சண்டை தானாகவே ஆறிவிடும். எங்காவது எதிர்ப்பட்டு, ஏதாவது சிரிப்பில் கரைந்துவிடும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டால் அந்த எதிர்ப்படுதல் கிடையாது. தீர்க்காமல் விட்டது அப்படியே உறைந்துவிடும். பல வருடம் கழித்து அவரை நினைக்கும்போது நல்ல நாட்களுக்கு முன்னால் அந்தப் பாத்திரச் சண்டை வந்து நிற்கும்.

அதனால் தோழியோடு பேசுவதை நாளைக்கு என்று வைக்காதீர்கள். சண்டையின் நியாய அநியாயத்துக்குள் போக வேண்டாம். யார் என்ன சொன்னார்கள் என்று விசாரணை நடத்தினால் இரண்டாவது சண்டைதான் வரும். 'அன்று நான் கத்தியது பாத்திரத்துக்காக இல்லை. உன்னை விட்டுப் போகப் போகிறேன் என்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. மிச்சமிருக்கும் நாட்களை இப்படிப் பேசாமல் கழிக்க எனக்கு விருப்பமில்லை' என்ற அளவுக்குச் சொன்னால் போதும். உங்கள் பேச்சு வழக்கில், உங்கள் மொழியில் சொல்லுங்கள். அவர் உடனே உருகிவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். 'சரி' என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போகலாம். இரண்டு நாள் கழித்து, எதுவுமே நடக்காததுபோல உங்களுக்கும் சேர்த்து ஏதாவது வாங்கி வரலாம். அதுவும் பதில்தான், ஏற்றுக்கொள்ளுங்கள். கடைசிவரை அவர் முகம் கொடுக்காவிட்டாலும், நீங்கள் சொன்னது அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கும். பாத்திரங்கள் எல்லாவற்றையும் அவரே வைத்துக்கொள்ளட்டும். எப்படியும் உங்கள் பெட்டியில் இடம் இருக்கப் போவதில்லை.

அந்த மூதாட்டிக்கு வேறு வகையான விடைபெறுதல் தேவை. அவருடைய வயதில், இது கடைசிச் சந்திப்பாக இருக்கலாம் என்பது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். போகப் போகிறேன் என்பதை இன்னும் சொல்லவில்லை என்றால் உடனே சொல்லுங்கள். வயதானவர்களுக்குச் செய்தியை ஏற்றுக்கொள்ள நாட்கள் வேண்டும். முந்தைய நாள் போய் நின்றால் அவர் திகைத்துப்போவார், சொல்ல நினைப்பதைச் சொல்ல அவருக்கு அவகாசம் இருக்காது.

அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், அவர் உங்களுக்குக் கற்றுக்கொடுத்த மொழியிலேயே. பிழை இருந்தால் இருக்கட்டும், யாரிடமும் கொடுத்துத் திருத்த வேண்டாம். 'எனக்கு நிறைய உதவினீர்கள்' என்று பொதுவாக எழுதினால் அது எல்லாருக்கும் எழுதும் கடிதம் ஆகிவிடும். ஒரு நாளை, ஒரு காட்சியை எழுதுங்கள். தபால் நிலையத்தில் என்ன கேட்க வேண்டும் என்று அவர் ஒரு தாளில் எழுதிக்கொடுத்திருக்கலாம். வழியெல்லாம் அதை மனப்பாடம் செய்துகொண்டே போய், கவுன்ட்டர் முன் நின்றதும் நீங்கள் எல்லாவற்றையும் மறந்துபோயிருக்கலாம். அவர் உங்கள் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்காமல் இருந்ததாலேயே நீங்கள் தைரியமாக வெளியே போய்ப் பேசியிருக்கலாம். இப்படி ஒன்று உங்களிடம் கட்டாயம் இருக்கும். அதை அவர் மறந்திருப்பார். நீங்கள் நினைவில் வைத்திருக்கிறீர்கள் என்பதே அவருக்குப் பெரிய செய்தி.

இப்படியெல்லாம் எழுதினால் மிகையாகத் தெரியுமோ என்று தயங்குவீர்கள். எல்லாரும் தயங்குகிறார்கள். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் வாழ்க்கையைத் தொட்ட ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொன்னார்கள். படிக்கிறவர் எவ்வளவு சங்கடப்படுவார், எவ்வளவு மகிழ்வார் என்று எழுதியவர்களை ஊகிக்கச் சொன்னார்கள். பிறகு பெற்றவர்களிடமே கேட்டார்கள். எழுதியவர்கள் சங்கடத்தைக் கூடுதலாகவும் மகிழ்ச்சியைக் குறைவாகவும் கணக்குப் போட்டிருந்தார்கள். தங்கள் சொற்கள் சரியாக அமையுமா என்று எழுதுகிறவர்கள் கவலைப்படுகிறார்கள். படிக்கிறவர்களுக்குப் போய்ச் சேருவது அதிலுள்ள அன்பு.

மூதாட்டியிடம் 'அடுத்த வருடமே வந்து பார்க்கிறேன்' என்று மட்டும் சொல்லாதீர்கள். பிரியும் நேரத்தில் எதிராளியின் கண்ணைப் பார்க்க முடியாமல் நாம் எல்லாரும் சொல்லும் பொய் அது. இளைஞர்கள் அதை உபசார வார்த்தையாக எடுத்துக்கொண்டு மறந்துவிடுவார்கள். தனியாக வாழும் முதியவர் காலண்டரைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். 'எப்போது வர முடியும் என்று தெரியவில்லை, ஆனால் உங்களுக்குக் கடிதம் எழுதுவேன்' என்பது உண்மை, நீங்கள் நிறைவேற்றக்கூடியதும்கூட. அவருடைய தபால் முகவரியைத் தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து வீடு என்பதால் இத்தனை வருடம் அதற்குத் தேவையே இருந்திருக்காது. தோழியோடு சமாதானமாகிவிட்டால், அவரை ஒருமுறை மூதாட்டியின் வீட்டுக்கு அழைத்துப் போங்கள். நீங்கள் போன பிறகு வாரம் ஒருமுறை எட்டிப் பார்க்க ஒருவர் இருந்தால் இருவருக்கும் நல்லது. ஆனால் அதைத் தோழியின் தலையில் பொறுப்பாகக் கட்டிவிட வேண்டாம்.

பாட்மிண்டன் நண்பருக்கு இந்தக் கடிதமெல்லாம் பொருந்துமா என்று தெரியவில்லை. நட்பு தூரத்தில் எப்படித் தேய்கிறது என்று ஆய்வாளர்கள் சாம் ராபர்ட்ஸும் ராபின் டன்பாரும், பள்ளி முடித்து வெளியேறிய மாணவர்களை 18 மாதங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். பெண்களின் நட்பைத் தேயாமல் காத்ததில் பேச்சுக்குப் பெரிய பங்கு இருந்தது. ஆண்களுக்கு, சேர்ந்து எதையாவது செய்வது. சராசரிக் கணக்கு இது, ஒவ்வொருவருக்கும் பொருந்தாது. ஆனாலும் இத்தனை வருடம் விளையாட்டு மைதானத்திலேயே வளர்ந்த நட்பை 'வா, உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவோம்' என்று இழுத்தால் அவர் நெளியக்கூடும். வழக்கமான நாளில், வழக்கமான நேரத்தில் ஆடுங்கள். ஆட்டம் முடிந்து உறையில் மட்டையை வைக்கும்போது, 'இந்த ஊரில் எனக்கு வாரம் நகர்ந்ததே இந்த ஆட்டத்தால்தான்' என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். உங்கள் மட்டையை அவரிடம் கொடுத்துவிடுங்கள். பிறகும் தொடர்பு இருக்க வேண்டும் என்று விரும்பினால், இணையத்தில் சதுரங்கமோ வேறு ஏதாவது ஆட்டமோ சேர்ந்து ஆடலாம். 'எப்படி இருக்கிறாய்?' என்ற செய்தியைவிட ஒரு காய் நகர்த்தல் அவரை உங்களோடு நெருக்கமாக வைத்திருக்கும்.

அலுவலகத்தார், தெரிந்தவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரு சந்திப்பு வையுங்கள், தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் சொல்லி. நெருங்கியவர்களிடம் விடைபெறுவதை அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடாதீர்கள். பத்துப் பேர் நடுவில் யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல முடியாது.

மனிதர்களோடு சேர்த்து இடங்களிடமும் பொருட்களிடமும் விடைபெற வேண்டும் என்று பொல்லாக் சொல்வதுண்டு. வளர்ப்புப் பிராணிகளையும் அந்தப் பட்டியலில் வைத்திருந்தார். பார்க்காத ஊர்களுக்காக வைத்திருந்த வார இறுதிகளில் ஒன்றைப் பார்த்துப் பழகிய தெருக்களுக்குக் கொடுங்கள். வேலைக்குப் போகும் வழியில் ஒருமுறை, அவசரமில்லாமல், பஸ்ஸில் ஏறாமல் நடந்து போங்கள்.

இதையெல்லாம் இப்போதே தொடங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புறப்படுவதற்கு முந்தைய பத்து நாட்கள் உங்கள் கையில் இருக்காது. வீட்டு உரிமையாளரின் சோதனை, முன்பணம் திரும்பப் பெறுவது, வங்கிக் கணக்கு, மின் இணைப்பு, வரிக் கணக்கு, பெட்டியை எடை போட்டு எடை போட்டுப் பொருளை வெளியே எடுப்பது என்று அந்த நாட்கள் கரைந்துவிடும். நண்பர்களைக் கடைசி இரண்டு நாளுக்கு என்று ஒதுக்கிவைத்தவர்கள் பலரும் கடைசியில் படிக்கட்டில் நின்றபடி அரை நிமிடத்தில் விடைபெற்றிருக்கிறார்கள். முக்கியமானவர்கள் மூன்று பேரையும் அதற்கு முன்பே தனித்தனியாகப் பார்த்துவிடுங்கள். அதற்குப் பிறகு தற்செயலாக மறுபடியும் பார்த்துக்கொண்டால் அது லாபம்.

அந்தப் பரபரப்பில் பலர் கோட்டைவிடும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், தொலைபேசி எண். வாட்ஸ்அப்பில் இருக்கும் உங்கள் நட்பு வட்டம் முழுவதும் அந்த நாட்டு எண்ணில் தொங்கிக்கொண்டிருக்கிறது. எண்ணை ரத்து செய்துவிட்டு ஊர் வந்து புது எண்ணில் புதிதாகத் தொடங்கினால் குழுக்கள் போய்விடும், நண்பர்களின் பட்டியலில் நீங்கள் பேசாத எண்ணாகக் கிடப்பீர்கள். அந்த எண் சில காலம் கழித்து வேறு யாருக்காவது ஒதுக்கப்படலாம். செயலியின் அமைப்புகளில் எண்ணை மாற்றும் வசதி இருக்கிறது. பழைய எண் உயிரோடு இருக்கும்போதே புது எண்ணுக்கு மாறிக்கொண்டால் உரையாடல்களும் குழுக்களும் கூடவே வரும், தொடர்பில் உள்ளவர்களுக்கும் தெரிவிக்கலாம். வங்கி, மின்னஞ்சல் போன்றவற்றின் சரிபார்ப்பு எண்களும் அந்தப் பழைய எண்ணுக்குத்தான் வருகின்றன என்பதால், எல்லாவற்றையும் மாற்றி முடிக்கும்வரை இணைப்பைத் துண்டிக்காதீர்கள்.

இந்த நட்புகள் முடிந்துவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். சில முடியும். இதைச் சொல்லாமல் உங்களைத் தேற்ற எனக்கு மனமில்லை. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் நேரில் பார்க்காமலே உயிர் நண்பர்களாக இருந்தார்கள் என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அபூர்வம் என்பதால்தான் அது இத்தனை நூற்றாண்டாக நினைவில் நிற்கிறது. மற்றவர்களின் நட்புக்கு நேரம் வேண்டும். ஒருவரை நெருங்கிய நண்பர் என்று சொல்லும் அளவுக்குப் பழக 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்திருக்க வேண்டியிருக்கிறது என்று ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர் கணக்கிட்டார். நான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்த உங்களுக்கும் தோழிக்கும் அந்த 200 எத்தனையோ மடங்காகிச் சேர்ந்திருக்கிறது. ஒரு சண்டையாலோ ஒரு விமானப் பயணத்தாலோ அது அழியாது. ஆனால் கவனிக்காமல் விட்டால் வருடங்கள் போகப் போகத் தேயும்.

எல்லாரையும் தக்கவைத்துக்கொள்ள முயலாதீர்கள். பதினைந்து பேருக்கு மாதம் ஒரு செய்தி அனுப்பிக் களைத்து, ஆறாவது மாதம் ஒட்டுமொத்தமாக நிறுத்திவிடுவதைவிட, இரண்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து அவர்களோடு உறுதியாக இருங்கள். மற்றவர்களிடம் நன்றி சொல்லி மனதார விடைபெற்றிருந்தால், தொடர்பு விட்டுப்போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தேர்ந்தெடுத்தவர்களோடு முதல் பேச்சுக்கு நாளும் மணியும் புறப்படுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். 'போய்ச் சேர்ந்ததும் பேசுவோம்' என்று விட்டால், அவர் நீங்கள் ஓய்வெடுக்கட்டும் என்று காத்திருப்பார், நீங்கள் அவர் வேலையாக இருப்பாரோ என்று காத்திருப்பீர்கள், மூன்று வாரம் போய்விடும். அந்த நாட்டில் பருவத்துக்குப் பருவம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுகிற வழக்கம் இருந்தால் அதையும் நினைவில் வையுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை, காரணமே தெரியாமல் ஒருவருக்கொருவர் தவறவிட்டு மனவருத்தம் கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

ஊர் திரும்பிய பிறகு வருவதற்கும் கொஞ்சம் தயாராக இருங்கள். வெளிநாட்டுக்குப் போகிறவர்களின் மனநிலை முதலில் உயர்ந்து, பிறகு தாழ்ந்து, மறுபடி ஏறும் என்று நார்வே ஆய்வாளர் ஸ்வேரே லிஸ்கார்ட் 1955-ல் எழுதினார். திரும்பி வந்ததும் அதே ஏற்ற இறக்கம் இன்னொரு முறை நடக்கிறது என்று அமெரிக்காவின் கல்லஹார்ன் தம்பதியர் 1963-ல் அதோடு சேர்த்தார்கள். எல்லாருக்கும் இதே வரிசையில் நடப்பதில்லை என்று பிற்கால ஆய்வுகள் காட்டினாலும், திரும்பிய பிறகு வரும் சோர்வு உண்மையானது. போகும்போது எல்லாம் புதிதாக இருக்கும் என்று தெரிந்தே போகிறோம். வரும்போது எல்லாம் பழையபடி இருக்கும் என்று நினைத்து வருகிறோம். நாமும் மாறியிருப்போம், ஊரும் மாறியிருக்கும். வீட்டாரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்: 'வந்த புதிதில் நான் கொஞ்சம் அமைதியாக இருந்தால் உங்கள்மேல் வருத்தம் என்று நினைக்காதீர்கள். அங்கே விட்டுவந்தவர்களை நினைத்துக்கொண்டிருப்பேன்.' அவர்கள் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை அல்லவா, அந்தப் பதில் இதுவாக இருக்கட்டும். அங்கே வாழ்ந்துவிட்டுத் திரும்பிய வேறு யாராவது அருகில் இருந்தால் அவர்களைத் தேடிப் பாருங்கள். நீங்கள் பாதி சொல்லும்போதே அவர்களுக்குப் புரியும்.

சில வாரங்கள் மனம் கனத்துக் கிடந்து, பிறகு மெல்ல லேசாகிவிடும். பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான். மாதங்கள் கடந்த பிறகும் தூக்கம் கெட்டு, பசியில்லாமல், யாரையும் பார்க்கப் பிடிக்காமல், எதிலும் ஒட்டாமல் இருந்தால் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம், அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லி மருத்துவரிடம் போங்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பியதையும், அங்கே யாரை விட்டுவந்தீர்கள் என்பதையும் ஆலோசகரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். அதெல்லாம் ஒரு காரணமா என்று நினைத்துப் பலர் சொல்லாமல் விடுகிறார்கள். நாங்களும் வேலையில், குடும்பத்தில், உடம்பில் என்று வேறெங்கோ காரணத்தைத் தேடிக்கொண்டிருப்போம்.